நந்தனும் ஔரங்கசீப்பும்: இந்திரா பார்த்தசாரதியின் வாழ்வும் காலமும் துன்பியலும்

இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ 1978ஆம் ஆண்டின் நாடகம். கதைத்தலைவன் பெரியபுராணத்துத் திருநாளைப்போவார். அவன் இறுதியில் சந்திக்கும் தீயோ, 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் எரிந்த தீயை நினைவூட்டாமல் இராது. எண்ணூறு ஆண்டுகளாக முத்தி என்று பாடப்பட்டு வந்த ஒரு மரணத்தைக் கொலை என்று மேடையில் சொல்ல ஒரு நாடகாசிரியருக்கு எப்படி முடிந்தது? அவர் வளர்ந்த ஊர், படித்த படிப்பு, ஊரை விட்டு வாழ்ந்த நகரம், அந்தப் பத்தாண்டின் அரசியல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

தமிழ் மேடைக்குத் துன்பியல் எளிதில் ஒட்டிய சரக்கு அன்று. வடமொழி நாடக மரபு நாயகனின் சாவை மேடையில் காட்ட ஒப்பாது. பாசனுடைய பெயரில் வழங்கும் ‘ஊருபங்கம்’ போன்ற ஒன்றிரண்டே விலக்கு. தெருக்கூத்தில் சாவுக்குக் குறைவில்லை என்றாலும், விடிகாலை மங்களத்தோடுதான் கூத்து முடியும். கர்ணன் மாண்டாலும் ஊர் வாழ வேண்டும். பரிதிமாற்கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ எழுதி இலக்கணம் வகுத்ததோடு, களவழி நாற்பது தொடர்பான சேரமான் கதையை ‘மானவிஜயம்’ என்று துன்ப முடிவுள்ள நாடகமாக எழுதியும் பார்த்தார். 1891இல் சுகுணவிலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். இவை ஷேக்ஸ்பியரின் வாசலில் நின்று செய்த முயற்சிகள். அரசன் ஒருவன் தன் குணக்கேட்டால் அழிவதைக் கண்டு இரங்குவதுதான் அவற்றின் எல்லை. சம காலத்து வாழ்க்கையே ஒருவனை அழிக்கும் என்பதும், அந்த அழிவில் பார்வையாளனுக்கும் பங்குண்டு என்பதும் பின்னால் வந்த சிந்தனைகள்.

இந்தப் புதிய சிந்தனைக்கு உலக மேடையில் அடிக்கடி காட்டப்படும் உதாரணம் ஆர்தர் மில்லர். நியூயார்க்கில் ஆயத்த ஆடைத் தொழில் நடத்தி வந்த அவருடைய தந்தை 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியில் நொடித்துப் போனார். வீட்டில் கண்ட அந்தச் சரிவு இருபது ஆண்டுகள் கழித்து, 1949இல், ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ ஆயிற்று. சாதாரண மனிதனும் துன்பியலின் நாயகனாகலாம் என்று அதே ஆண்டில் மில்லர் கட்டுரையும் எழுதினார். ஆனால் இந்திரா பார்த்தசாரதியின் விஷயத்தில் வீட்டுக்கதை நேராக மேடைக்கு வரவில்லை. அவர் வாழ்க்கை அவருக்குக் கதையைக் கொடுக்கவில்லை, கதையைப் பார்க்கும் இடத்தைக் கொடுத்தது.

ரங்கநாதன் பார்த்தசாரதி 1930இல் பிறந்தவர், வைணவ ஆசாரம் நிறைந்த குடும்பம், வளர்ந்தது கும்பகோணம். பள்ளியில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் தி. ஜானகிராமன். மனைவியின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துப் புனைபெயர் ஆக்கிக்கொண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை படித்தார். அதாவது நடராசர் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சில ஆண்டுகள் சிதம்பரத்தில் கழித்தார். பின்னர் தில்லிக்குப் போய்த் தமிழ் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு ஆழ்வார்கள் காலத்து வைணவத்தைப் பற்றியது.

இந்த ஆய்வு முக்கியமான தகவல். பக்தி இயக்கத்தைக் கேலி செய்து நாடகம் எழுதியவர்கள் திராவிட இயக்கத்தில் பலர் உண்டு. அவர்கள் வெளியே நின்று கல்லெறிந்தவர்கள். இந்திரா பார்த்தசாரதி உள்ளே இருந்து வந்தவர். பக்தி எல்லோரையும் சமமாக்கும் என்று பாடியதும், பாடியபின் அந்தச் சமத்துவம் கோயில் வாசலோடு நின்றுபோனதும் அவருக்குப் பாசுரம் பாசுரமாகத் தெரியும். திருப்பாணாழ்வாரை ஒருவர் தோளில் சுமந்துகொண்டுதான் திருவரங்கக் கோயிலுக்குள் கூட்டிப் போக வேண்டியிருந்தது என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு, நந்தன் ஏன் தீயின் வழியாக மட்டுமே உள்ளே போக முடிந்தது என்ற கேள்வி தானாகவே எழுந்திருக்கும்.

தில்லி அவருக்கு இரண்டு விதத்தில் உதவியது. தஞ்சையைத் தூரத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது ஒன்று. அதிகாரம் எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது மற்றொன்று. ‘தந்திர பூமி’, ‘சுதந்திர பூமி’ ஆகிய நாவல்களில் வரும் தில்லி முழுக்கத் தாழ்வாரங்களும் விருந்துகளும்தான். கொள்கை பேசுகிறவன் எந்த நிமிடத்தில் விலை போகிறான் என்பதை அவர் புன்சிரிப்போடு எழுதுகிறார். அந்தப் புன்சிரிப்பு சில இடங்களில் அளவுக்கு மீறிப் போவதும் உண்டு. அவருடைய பாத்திரங்கள் எல்லோருமே கெட்டிக்காரத்தனமாகப் பேசுவார்கள் என்பது பழைய குறை. அதில் நியாயம் இருக்கிறது. நாடகத்துக்கு வந்தபோது அதே பேச்சுத்திறன் பலமாயிற்று. அவருடைய முதல் நாடகமான ‘மழை’ ஒரு வீட்டுக்குள்ளேயே நடப்பது. தந்தையைப் பேணுவதிலேயே இளமையைக் கழித்த மகள், அவர் போனபின் தனக்கென்று என்ன மிஞ்சியது என்று கணக்குப் பார்க்கிறாள். இப்சனும் ஃபிராய்டும் படித்த ஒருவரின் நாடகம் அது. அதில் தஞ்சையும் இல்லை, அரசியலும் இல்லை.

1974இல் எழுதப்பட்ட ‘ஔரங்கசீப்’ தில்லியின் பிள்ளை. 1657இல் ஷாஜகான் நோயில் விழுகிறார். நான்கு மகன்களும் அரியணைக்கு அடித்துக்கொள்கிறார்கள். மூத்தவன் தாரா உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தவன். இரு சமயங்களும் கூடும் இடத்தைத் தேடியவன். மூன்றாமவன் ஔரங்கசீப் 1658இல் சாமுகர் போரில் தாராவை முறியடித்து, தந்தையை ஆக்ரா கோட்டையில் அடைத்து, மறு ஆண்டில் அண்ணனைக் கொல்வித்தான். அந்தப் போரின் நடுவில் தாரா யானையிலிருந்து இறங்கிக் குதிரை ஏறியதும், வெறும் அம்பாரியைக் கண்ட படைகள் தலைவன் விழுந்தான் என்று கலைந்ததும் வரலாற்று நூல்களில் சொல்லப்படும் செய்தி. நாடகாசிரியருக்கோ அதில் அக்கறை இல்லை. நாடகத்தின் கனம் முழுவதும் அரண்மனைப் பேச்சில் இருக்கிறது.

ஷாஜகான் கறுப்புச் சலவைக்கல்லில் இன்னொரு மகாலைக் கனவு காணும் கிழவர். கடந்த காலத்திலேயே குடியிருப்பவர். தாரா வராத காலத்தில் வாழ்பவன். மகள்களில் ஜகனாரா தாராவின் பக்கம், ரோஷனாரா ஔரங்கசீப்பின் பக்கம். நிகழ்காலத்தில் காலூன்றி நிற்பவன் ஔரங்கசீப் ஒருவன்தான். ஆகவே அவன் வெல்கிறான். அவனுக்கு ஆட்சி என்பது எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பது. நாடகாசிரியர் அவனை வில்லனாக்கவில்லை. எளிமையும் உழைப்பும் நம்பிக்கையும் உள்ள மனிதனாகவே காட்டுகிறார், அதனால்தான் அச்சம் கூடுகிறது. நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆண்டு, 1707இல் தக்காணத்தில் இறந்த அந்த அரசன் தன் மகன்களுக்கு எழுதிய கடைசிக் கடிதங்களில் வெற்றியின் சாயல் ஒரு துளியும் இல்லை. வென்றவன் தோற்றவனாக முடிகிற இடத்தில்தான் இது துன்பியல் ஆகிறது.

1974 என்ற ஆண்டு இங்கே சும்மா நிற்கவில்லை. காங்கிரஸ் 1969இல் பிளந்துவிட்டது. 1971 வங்கதேசப் போர் வெற்றிக்குப்பின் அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்தது. பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் தெருவுக்கு வந்திருந்தார். மொழி விஷயத்தில் 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின் தழும்பு மறையவில்லை. அதே தலைநகரில் தமிழ் கற்பித்து வாழ்ந்தவருக்கு ‘எல்லோருக்கும் ஒன்றே’ என்ற குரல் எங்கே போய் முடியும் என்று யோசிக்கக் காரணம் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் நெருக்கடி நிலை வந்தவுடன் இந்த நாடகத்தைத் தீர்க்கதரிசனம் என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்வது நாடகத்தைச் சிறிதாக்கும். கிரீஷ் கர்னாட் 1964இல் கன்னடத்தில் எழுதிய ‘துக்ளக்’கை நேரு யுகத்தின் ஏமாற்றமாகப் படித்தார்கள், பிறகு வந்த ஒவ்வொரு ஆட்சிக்கும் அது பொருந்திற்று. ‘ஔரங்கசீப்’பும் அப்படியே. பல ஆண்டுகள் கழித்துக் கே.எஸ். ராஜேந்திரன் இயக்கத்தில் அது இந்தியில் தில்லி மேடையேறியபோது, பார்த்தவர்கள் எழுபதுகளை நினைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கீழ்வெண்மணிக்கு வர வேண்டும். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர்களுக்கும், நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்துக்கொண்ட மிராசுதாரர்களுக்கும் நடந்த மோதலின் உச்சம் அது. தாக்க வந்தவர்களைக் கண்டு ராமையாவின் குடிசைக்குள் புகுந்து ஒளிந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். குடிசை கொளுத்தப்பட்டது, 44 பேர் கரிந்து போனார்கள். கீழ் நீதிமன்றம் மிராசுதாரர்களைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப இயலாது என்ற போக்கில் அமைந்த அந்தத் தீர்ப்பின் வாதம் இன்றும் பேசப்படுகிறது.

இந்த நிகழ்ச்சியிலிருந்து பிறந்த ‘குருதிப்புனல்’ நாவல் 1975இல் நூலாகி, 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 1983இல் ஸ்ரீதர் ராஜன் இயக்கத்தில் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்ற படமாகவும் வந்தது. நாவலின் மையத்தில் தில்லியிலிருந்து கிராமத்துக்கு வரும் படித்தவன் ஒருவன் இருக்கிறான். ஆசிரியர் நின்ற இடம் அதுதான் என்பது வெளிப்படை. நாவலுக்கு எழுந்த கடும் கண்டனமும் முக்கியம். நிலவுடைமையாளனின் கொடுமைக்கு அவனுடைய ஆண்மைக் குறைவை ஒரு காரணமாக நாவல் காட்டுகிறது. வர்க்கப் பகையை மனநோயாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரி விமர்சகர்கள் சாடினார்கள். ‘மழை’ எழுதிய பேராசிரியர் இன்னும் பேனாவை விடவில்லை என்று சொல்லலாம்.

மூன்றாண்டு கழித்து வந்த ‘நந்தன் கதை’யில் அந்தப் பேராசிரியர் இல்லை. கண்டனத்துக்கு ஆசிரியர் சொன்ன பதில் அது என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை; நாடகத்தின் அமைப்பே பேசுகிறது. யாருடைய அந்தரங்க நோயும் அங்கே காரணம் ஆவதில்லை. சாதியும் நிலமும் கோயிலும் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு மனிதனைத் தீர்த்துக்கட்டுகின்றன.

நந்தன் கதைக்கு முன்னமே இரண்டு உருவங்கள் உண்டு. சுந்தரர் பெயரை மட்டும் சொல்லிப் போனார். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வரலாறு சொன்னார். ஆதனூரின் புலைப்பாடியில் பிறந்தவர்; கோயில் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்பவர்; திருப்புன்கூரில் இவர் காண நந்தி விலகுகிறது; தில்லையில் இறைவன் கட்டளைப்படி அந்தணர்கள் தீ வளர்க்க, அதில் மூழ்கிப் பூணூல் மின்னும் முனிவராக எழுந்து கோயிலுக்குள் மறைகிறார். சேக்கிழாரிடம் கொடிய பண்ணையார் யாரும் இல்லை. அவர் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனைச் சிதம்பரம் போக விடாமல் தடுக்கும் வேதியரைப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் விளைவித்துவிட்டுப் போ என்று அந்த வேதியர் நிபந்தனை வைத்தார். 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய அந்தக் கீர்த்தனை, காவிரிப் படுகையின் மிராசு வாழ்க்கையைப் பெரியபுராணத்துக்குள் கொண்டுவந்து வைத்தது. அவரும் தம் காலத்தையே எழுதினார். கே.பி. சுந்தராம்பாள் நடித்த 1935ஆம் ஆண்டுப் படமும், தண்டபாணி தேசிகரின் 1942ஆம் ஆண்டுப் படமும் அந்த வேதியரைத் தமிழ்நாடு முழுக்கப் பிரபலமாக்கின. ஆனால் பாரதியாரிடமும் வேதியர் கடைசியில் திருந்துகிறார், நந்தன் காலில் விழுகிறார். பண்ணையார் திருந்தினால் கணக்குத் தீர்ந்துவிடும்.

இந்திரா பார்த்தசாரதியிடம் யாரும் திருந்துவதில்லை. அவருடைய நந்தன் தன் சேரியின் தெய்வங்களையும் ஆட்டத்தையும் விட்டுத் தில்லைக் கூத்தனின் ஆட்டத்தில் மயங்குகிறான். அந்த மயக்கம் உண்மையானது. நாடகம் அதை ஏளனம் செய்யவில்லை. சேரிக்காரர்கள் அவனை இழுத்துப் பிடிக்கிறார்கள். நம் சாமி நமக்கு இருக்கிறதே என்பது அவர்கள் கட்சி. அபிராமி என்ற தேவதாசியின் கதை அவன் கதையோடு சேர்கிறது. கோயிலுக்குள்ளேயே இருந்தும் கோயிலால் விலைப்பட்டவள் அவள். வெளியே நிறுத்தப்பட்டவன் அவன். இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்வது மேல்தட்டுக்கு ஆபத்தாகப் படுகிறது. பாட்டும் பரதமும் சேரி ஆட்டமும் மேடையில் மோதுகின்றன. எது உயர்ந்த கலை என்ற வாதம் போல் தோன்றுவது, யார் உயிரோடு இருக்கலாம் என்ற தீர்ப்பாக மெல்ல மாறுகிறது. பகைத்துக்கொண்டிருந்த மேல்சாதிகள் நந்தன் விஷயத்தில் மட்டும் ஒன்றுபடுகின்றன. நந்தனும் அபிராமியும் தீக்குப் பலியாகிறார்கள். ஊர் அதை ஜோதியில் கலந்ததாகக் கொண்டாடிவிடும் என்பது பார்வையாளனுக்குத் தெரியும், ஏனென்றால் அவனே அப்படித்தான் கேட்டு வளர்ந்தவன். இந்த நாடகத்தின் குத்தலான இடம் இது. அரிஸ்டாட்டில் சொன்ன நாயகனின் பிழை இங்கே நந்தனின் நம்பிக்கைதான். அதை அவனுக்கு ஊட்டியவர்களே அதற்காக அவனைக் கொல்கிறார்கள்.

வடிவத்துக்கும் காலம் கைகொடுத்தது. 1977இல் தேசிய நாடகப் பள்ளி காந்திகிராமத்தில் பயிற்சிப் பட்டறை நடத்தியது, பேராசிரியர் சே. இராமானுஜம் அதில் முன்னின்றார். அதே ஆண்டு சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை தொடங்கியது. வரவேற்பறை நாடகத்தில் சலித்தவர்கள் கூத்தையும் பறையையும் தேடிப் போன நேரம். ‘ஔரங்கசீப்’ வரையில் இந்திரா பார்த்தசாரதி எழுதியதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினாலே போதும். ‘நந்தன் கதை’ ஆடாமல் நடக்காது. புதுவைப் பல்கலைக்கழக நாடகப் பள்ளிக்கு ஆசிரியர் பின்னாளில் தலைமை ஏற்றதும், இந்நாடகம் மாணவர் குழுக்களின் கையில் திரும்பத் திரும்ப உயிர்பெற்றதும் அதன் தொடர்ச்சி.

தஞ்சை வயல்களின் துன்பம் மேடை ஏறியது போல மலைத் தோட்டங்களின் துன்பம் மேடைக்கு வந்து சேரவில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் தாம் கேட்டவற்றையும் கண்டவற்றையும் 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார், இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் அது ‘எரியும் பனிக்காடு’. மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலை ஏறியவன் கடன் தீராமல் லயன் என்னும் வரிசை வீட்டிலேயே கிடக்கும் கதை. நீலகிரியிலோ 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து வந்திறங்கிய குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரைச் சுற்றியும் தோட்ட வேலையில் குடியேறின. மருத்துவரின் கைக்கு நாவல் வசப்பட்டது, ஏனென்றால் நாவலுக்கு ஒரு மேசை போதும். மேடைத் துன்பியலுக்கு நடிகர் குழுவும், வந்து உட்கார நேரமுள்ள பார்வையாளரும், எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒரு பழங்கதையும் வேண்டியிருக்கிறது. நந்தன் தஞ்சைக்குக் கிடைத்தது போன்ற பழங்கதை, முதல் தலைமுறையாக மலை ஏறியவர்களுக்கு இல்லை.

இந்திரா பார்த்தசாரதியின் பிற்கால நாடகங்களில் ‘ராமானுஜர்’ 1999ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் பெற்றது. முனைவர் பட்ட ஆய்வில் தொடங்கிய வைணவத்துக்கு அவர் மீண்டும் வந்த நாடகம். சாதி, கோயில், உள்ளே யார், வெளியே யார் என்ற அதே கேள்விகள். திருக்கோட்டியூரில் குரு மறைத்து வைத்த மந்திரத்தை எல்லோருக்கும் அறிவிக்கும் ஒரு நாயகன். ஆனாலும் இது துன்பியல் ஆகவில்லை. மண்டல் குழுப் பரிந்துரை நாட்டை உலுக்கிய தொண்ணூறுகளில், சீர்திருத்தம் மரபுக்குள்ளிருந்தே வந்திருக்கிறது என்று காட்ட ஆசிரியர் விரும்பியிருக்கக்கூடும். காரணம் அதைவிட எளிதாகவும் இருக்கலாம். ராமானுஜர் உள்ளே பிறந்தவர். விதியை மீறினால் நரகம் என்று குரு மிரட்டியபோது, போகிறேன் என்று துணிய அவருக்கு இடம் இருந்தது. நந்தனுக்கு அந்த இடம் எந்த நூற்றாண்டிலும் கொடுக்கப்படவில்லை.